மண்ணுக்குள் மூன்று வரி

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஸ்டிக்கர், பேக்கிங் லிஸ்ட், மற்றவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். 1998இல் ஒரு மத்தியானம் சாமியப்பன் ஐயா உள்ளே வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "அவசரமில்லீங்க அம்மிணி. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்றார். நூற்றுப்பத்துப் பக்கம் இருந்தது. அன்று தொடங்கி எட்டு வருஷம் என் உயிரை வாங்கினார்.

அவர் எழுதியது எல்லாம் கல்வெட்டு, நடுகல், பழைய கிணறு, இடிந்த கோயில். ஒரு பக்கம் கம்பெனி சூப்பர்வைசர், "அக்கா, கன்டெய்னர் கிளம்பப் போகுது, ஸ்டிக்கர் எங்க?" என்று கத்திக்கொண்டு நிற்பான். இன்னொரு பக்கம் இவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏரி மதகைப் பற்றி நிதானமாகத் திருத்தம் சொல்வார். எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். வெளியிலேயும் திட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே டீ வாங்கித் தருவார். அப்படிப்பட்ட மனுஷனிடம் முழுக்கக் கோபப்படவும் முடியாது.

அவர் பிறந்தது சாமளாபுரத்தில், 1932இல். நெசவுக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஒரு அருங்காட்சியகத்தில் காவலராகச் சேர்ந்தார். காக்கிச் சட்டை போட்டு, சிலைகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. நாள் முழுக்கக் கல்வெட்டுகளுக்குப் பக்கத்திலேயே நின்றதில், இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்ற அரிப்பு வந்துவிட்டது. அதிகாரி ஒருவரிடம் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கப்பா அது? தூசி தட்டு" என்றாராம். இவர் தூசி தட்டிக்கொண்டே எட்டு வருஷத்தில் பழைய எழுத்துகளைத் தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு அந்த அதிகாரிகளே புரியாத கல்லுக்கு இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆய்வு உதவியாளர் என்று பதவி கொடுத்தார்கள். பட்டம் இல்லாததால் அதற்கு மேலே ஏற்றவில்லை. இவர் படித்துச் சொன்னதை வாங்கிப் பட்டம் உள்ளவர்கள் தங்கள் பெயரில் கட்டுரை எழுதினார்கள். 1990இல் ஓய்வு பெற்றபோது ஒரு சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சைக்கிளில் ஒரு பக்கெட், பிரஷ், காகிதச் சுருள், மை டப்பா கட்டிக்கொண்டு அவர் போகாத ஊர் இந்த வட்டாரத்தில் இல்லை. கல்லின்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் கருப்புக் காகிதத்தில் வெள்ளையாக எழுத்து எழும். மைப்படி என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது என்ன தெரியும்? புதையல் எடுக்க வந்தவன் என்று கொமரலிங்கம் பக்கத்தில் ஒரு ஊரில் அவரை மோட்டார் ரூமில் பூட்டிவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். எந்த ஊரானாலும் அந்த ஊர் சொல்கிற கட்டுக்கு உட்படுவது. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுவது, செவ்வாய்க்கிழமை ஆகாது என்றால் புதன்கிழமை வருவது. ஊரை நோகடித்துப் படித்த கல் நமக்கு எதற்கு என்பார். அந்த நல்ல குணம்தான் அவரைக் கவிழ்த்தது.

1974இல் கல்லாங்காட்டுப்புதூர் என்ற ஊரில் ஒரு புலிக்குத்திக் கல்லைக் கண்டுபிடித்தார். ஒரு ஆள் ஈட்டியால் புலியைக் குத்துகிற மாதிரி செதுக்கி, கீழே எழுத்து வெட்டியிருந்தது. புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு நடுகிற கல் அது. எழுத்தில் முதல் நான்கு வரி மண்ணுக்கு மேலே தெரிந்தது. மீதி மண்ணுக்குள்ளே. சுற்றித் தோண்டலாமா என்று அந்தக் காட்டு நிலத்தின் சொந்தக்காரர் சுப்பையனிடம் கேட்டார். "நட்ட கல்லுக் காலடியில மண்ணு எடுத்தா ஊருக்கு ஆகாதுங்க தம்பி. மேல இருக்கறதப் பாத்துட்டுப் போங்க" என்று சுப்பையன் சொல்லிவிட்டார். ஐயா தம் வழக்கப்படி கும்பிட்டுவிட்டு, தெரிந்த நான்கு வரிக்கு மட்டும் மைப்படி எடுத்துக்கொண்டு வந்தார். அதில் வருஷம் இருந்தது, ஊர்ப் பெயர் இருந்தது, கடைசியில் ஊர்த்தலைவன் செம்பன் என்ற பெயர் இருந்தது.

அடுத்த வருஷம் வந்த தம் முதல் புத்தகத்தில், புலியைக் குத்தி மடிந்த வீரன் செம்பன் என்று எழுதினார். 'என்று கருதலாம்' என்று போட்டிருந்தால் பிழைத்திருப்பார். போடவில்லை. நாற்பத்து மூன்று வயது, முதல் புத்தகம், காவலராக இருந்தவன் எழுதியது என்று யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். அவரே என்னிடம் பின்னால் சொன்ன காரணம் இது.

சுப்பையன் வீட்டார் தாங்கள் செம்பன் வகையறா என்று சொல்லிக்கொள்கிறவர்கள். புத்தகத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லுக்குக் கூரை போட்டார்கள், பிறகு சுவர் வைத்தார்கள். சுப்பையனின் பேரன் சுரேந்தர் அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்துப் பெரிய ஆளானதும் மண்டபமே எழும்பிவிட்டது. வாசலில் கருப்பு கிரானைட்டில் ஐயாவின் புத்தக வரிகளைப் பொறித்து, அடியில் அவர் பெயரையும் வெட்டிவைத்தார்கள். பங்குனிப் பொங்கலுக்கு அவருக்கு வருஷம் தவறாமல் சால்வை உண்டு.

அந்தப் பொங்கலில் ஒரு வழக்கம் இருந்தது. கல்லுக்கு முன்னால் ஏற்றும் முதல் விளக்குக்கு, ஊருக்குத் தெற்கே காலனியில் இருக்கிற வீரணன் குடும்பத்தார்தான் எண்ணெய் கொண்டுவர வேண்டும். அவர்கள் உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று தூக்குவாளியை நீட்டுவார்கள், பூசாரி வாங்கிப் போவார். எதற்காக என்று யாருக்கும் தெரியாது. ஐயாவும் தம் புத்தகத்தில் இதை ஒரு வரியாகக் குறித்துவிட்டு மேலே போய்விட்டார்.

2005 தை மாதம் கும்பாபிஷேகத்துக்காக அந்தக் கல்லையே பெயர்த்துப் புதுப் பீடத்தில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். நட்ட கல்லை அசைக்கக் கூடாதென்ற கட்டு, ஜோசியர் ஒருவர் பரிகாரம் சொன்னதும் பறந்துவிட்டது. ஐயாவுக்கு அழைப்பு வந்தது. எழுபத்து மூன்று வயதில் இரண்டு பஸ் மாறிப் போனார். கல்லைப் படுக்கவைத்து அடியில் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளை அண்டக் கொடுத்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். பக்கத்தில் இருந்தது ஒடிசாவிலிருந்து வந்த மூன்று கொத்தனார்கள்தான். ஐயா பனியன் வேஸ்ட்டை எடுத்து, இத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்த பகுதியைத் துடைத்தார். இன்னும் மூன்று வரி இருந்தது.

பையில் எப்போதும் காகிதமும் மையும் வைத்திருப்பார். மைப்படி எடுத்துக்கொண்டார். அங்கேயே ஓரளவு புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. எந்தக் கல்வெட்டையும் மூன்று நாள், மூன்று தடவை படித்துப் பார்க்காமல் சொல்ல மாட்டார். அது அவருடைய இன்னொரு நல்ல குணம். அன்று சாயங்காலம் மேடையில் ஏற்றி, சால்வை போட்டு, மைக்கைக் கொடுத்தார்கள். செம்பனைப் பற்றி எப்போதும் பேசுவதையே பேசிவிட்டு இறங்கினார்.

நான்காம் நாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மிணி, முப்பது வருசமா நான் ஊரை ஏமாத்தியிருக்கறேன்" என்றார்.

கல் சொன்னது இதுதான். செம்பன் புலியைக் குத்தவில்லை, கல்லை நட்டவன்தான் அவன். புலியோடு சண்டை போட்டுச் செத்தவன் செம்பனுக்கு மாடு மேய்த்த மாதன். மாதன் சிந்திய ரத்தத்துக்காக, கல்லைச் சுற்றியிருந்த நிலத்தை அவன் பிள்ளைகளுக்கு உதிரப்பட்டியாகச் செம்பன் விட்டிருக்கிறான். அந்தப் பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வருகிறவர்களும் இந்தக் கல்லின் விளக்குக்கு எண்ணெய் கொண்டுவர வேண்டும் என்று வெட்டிவைத்திருக்கிறான்.

வீரணன் குடும்பம் தூக்குவாளியோடு கேட்டுக்கு வெளியே ஏன் நிற்கிறது என்பது அந்த நிமிஷம் விளங்கியது. "உடனே போய்ச் சொல்லுங்க ஐயா" என்றேன். அன்றே போனார். அதற்குள் கல்லை நிறுத்தி, கீழ்ப்பாதியைக் கான்கிரீட்டில் இறக்கி, மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. மூன்று வரியும் சிமெண்ட்டுக்குள்ளே. பார்த்த மற்ற மூன்று பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவர்களும் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள்.

கட்டுரை எழுதினார். நான் அடித்தேன். காசு வாங்கவில்லை, திட்டவும் இல்லை. ஆய்வு இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். ஏழு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்லின் அப்பகுதியை இப்போது நேரில் சரிபார்க்க வழியில்லை, மேலும் இந்தக் கருத்து இவ்வட்டாரத்தின் மூத்த ஆய்வாளர் எழுதிய நூலுக்கு முரணாக உள்ளது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். அந்த மூத்த ஆய்வாளர் யார் என்று பார்த்தால் இவரேதான். கட்டுரையில் பெயரை மறைத்து மதிப்பீட்டாளருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று சிரித்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்கழியில் சுரேந்தரைப் பார்க்கக் கம்பெனிக்கே போனார். துணைக்கு நானும் போனேன். ஏ.சி. ரூமில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். சுரேந்தர் எழுந்துவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஐயா மைப்படியை மேசைமேல் விரித்து, வரிவரியாக விரலை வைத்துப் படித்துக் காட்டினார். நிலம், மாதன், எண்ணெய், வீரணன் குடும்பம், ஒன்றையும் விடவில்லை. டைல்ஸை எடுத்து, கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்தால் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சுரேந்தர் முகம் மாறாமல் கேட்டார். கடைசியில், "ஏனுங்க ஐயா, நீங்க எங்களுக்கு அப்புச்சி மாதிரிங்க. நீங்க எழுதுனத நம்பித்தானுங்க இத்தன கட்டியிருக்கறோம். இப்ப நீங்களே மாத்துனா நாங்க எங்க போறதுங்க?" என்றார்.

"தப்பா எழுதிட்டேனுங்க. மன்னிச்சுக்கோங்க. திருத்தோணுமல்லங்க."

"வயசாயிருச்சுங்க ஐயா. ஒடம்பப் பாத்துக்கோங்க. நம்ம கார்ல ஊட்டுல விடச் சொல்றேன்."

அவ்வளவு மரியாதையாக ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

காரில் வீடு போய்ச் சேர்ந்தவர், மறுநாளே யாரிடமும் சொல்லாமல் காலனிக்குப் போய் வீரணனைப் பார்த்திருக்கிறார். வீரணன் அதே சுரேந்தர் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மகன் அங்கே டெய்லர், மருமகள் செக்கிங். ஐயா மைப்படியைக் காட்டி, இது உங்கள் முன்னோர் கல், உங்கள் நிலம் என்று சொல்லியிருக்கிறார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு அங்கே கிடைத்த பதிலை என்னிடம் அப்படியே சொன்னார்.

"எங்க அப்பன் எண்ணெய் கொண்டு போனாருங்க, நானும் கொண்டு போறேனுங்க. வாங்கிக்கறாங்க. ஊருக்குள்ள எங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதானுங்க சாமி. இந்தப் பேப்பரால அதும் போயிருச்சுன்னா?"

அப்படி எதுவும் ஆகாது என்று ஐயா உறுதி சொல்லிவிட்டு வந்தார். கல்லைப் படிக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு மனுஷனைப் படிக்கத் தெரியவில்லை. ஊருக்குள் யார் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சாயங்காலத்துக்குள் சுரேந்தர் காதுக்குப் போய்விடும்.

2006 பங்குனியில் வீரணனும் அவர் மனைவி வேலாத்தாளும் தூக்குவாளியோடு போய் நின்றார்கள். பூசாரி வெளியே வரவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, இந்த வருஷத்திலிருந்து எண்ணெய் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்றார். அவர்களிடமிருந்து எண்ணெயை வாங்கினால், அந்தக் காகிதம் சொல்வதைத் தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று சுரேந்தருக்கு வக்கீல் சொல்லியிருந்தாராம். பொங்கல் பொங்கி, குலவை போட்டு, விளக்கு ஏற்றி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் வெயிலில் நின்றுவிட்டு, நிறைந்த வாளியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். எத்தனை தலைமுறை வழக்கமோ, ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

ஐயா படுத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி ரங்காத்தாள் எனக்குப் போன் பண்ணி அழுதார். "கல்லு கல்லுன்னு அலைஞ்சாரு, அந்தக் கல்ல நெஞ்சு மேல தூக்கி வெச்சுக்கிட்டாரு, அம்மிணி."

வைகாசியில் ஒருநாள் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள், ஐயாவும் வீரணனும். வீரணன் கோபமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஐயாவின் கையைப் பிடித்து மெதுவாகப் படியேற்றிவிட்டு, தான் வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டும், "இருக்கட்டுங்க" என்றார்.

விஷயம் இதுதான். வீரணன் கமிட்டியிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அவர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். சாமியப்பன் ஐயா தம் கையெழுத்துப் போட்டு, பழைய புத்தகத்தில் உள்ளதுதான் சரி, பிற்பாடு சொன்னது வயோதிகத்தால் நேர்ந்த தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மைப்படியையும் கோயிலில் ஒப்படைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த பங்குனியிலிருந்து பழையபடி எண்ணெய் வாங்கிக்கொள்வார்கள்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "எழுதாதீங்க ஐயா! கலெக்டருக்கு மனுப் போடுவோம், பேப்பர்காரங்களக் கூப்பிடுவோம்" என்று கத்தினேன். வெளியே பார்த்து, "ஏனுங்க, உங்க பாட்டன் செத்து வாங்குன காடுங்க அது! உங்களுக்கு வேண்டாமா?" என்றேன்.

வீரணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "காட்ட யாருங்க கேட்டது? பொங்கலன்னைக்கி என் ஊட்டுக்காரி குளிச்சு, ஈரத்துணியோட எண்ணெய் ஆட்டப் போவா. எங்க தெருவே வந்து கும்புட்டு வழியனுப்பும். இந்த வருசம் வாளியோட திரும்பி வந்தப்ப ஒருத்தரும் எங்க மூஞ்சியப் பாக்கலீங்க. எங்கம்மா தலமொற வழக்கத்தக் கெடுத்துட்டேன்னு என்னத் திட்டுச்சு. எனக்கு அந்த எண்ணெய வாங்கிக் குடுத்துருங்க, போதும்."

ஐயா ஸ்டூலில் உட்கார்ந்தார். "அடி அம்மிணி" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எட்டு வரி. எந்த இடத்திலும் அவர் நிறுத்தவில்லை. நான்தான் இரண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்தினேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் பையிலிருந்து மைப்படியை எடுத்து, மடிப்புக் கலையாமல் வீரணன் கையில் கொடுத்தார். வீரணன் இரண்டையும் வாங்கிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிப் படியில் விழுந்து கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி" என்றார். தன் முன்னோர் பெயரைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப் பஸ் ஏறினார் அந்த மனுஷன்.

அவர் போன பிறகும் ஐயா ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "மண்ணுக்குள்ளயே இருந்திருந்தா யாருக்கும் நட்டமில்ல" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த பங்குனியில் எண்ணெய் வாங்கிக்கொண்டார்கள், சொன்ன சொல் தவறவில்லை. அந்த எட்டு வரிக் கடிதத்தைச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். மைப்படி என்ன ஆயிற்று என்று கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்கிறார்கள். 2008 ஐப்பசியில் ஐயா இறந்தார். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் என்னிடம்தான் அடிக்க வந்தது. செம்பன் புகழை உலகுக்குச் சொன்ன செம்மல் என்று கமிட்டி எழுதிக் கொடுத்திருந்தது. அடித்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்த அந்தக் கட்டுரை என் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது. எத்தனையோ தடவை திறந்து, பிரிண்ட் கொடுக்கப் போய், அந்த மத்தியான வெயிலும் நிறைந்த வாளியும் ஞாபகம் வந்து மூடியிருக்கிறேன். அவர் வாழ்க்கையை மட்டுமாவது எழுதிவைப்போம் என்றுதான் இதை எழுதினேன். வீரணன் வீட்டு எண்ணெய் மறுபடி நின்றுவிடக் கூடாது. அதனால் இதில் ஊர்ப் பெயரை மாற்றியிருக்கிறேன், வீரணன் பெயரை, சுரேந்தர் பெயரை, செம்பன் பெயரை மாற்றியிருக்கிறேன். புலியைக் குத்திச் செத்தவனின் பெயரும் மாதன் இல்லை.